காற்றடித்தால் ஜன்னலைச் சாத்தும் வீடு

வருஷத்துக்கு இரண்டு தடவை நான் ஒரு ஊரையே வண்டியில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மற்ற நாளெல்லாம் வாலிநோக்கத்து உப்பை ஏற்றுகிற வண்டிதான் அது. ஐப்பசியிலும் பங்குனிக் கடைசியிலும் மட்டும் உப்பை இறக்கிப் போட்டுவிட்டு வீடுகளை ஏற்றுவேன். கூரைக்குப் பின்னிய தென்னங்கிடுகு, மூங்கில், கம்பு, சட்டி பானை, கோழிக்கூடு. எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ராக்கு.

எங்கள் சீமைக்குக் கடல் இரண்டு. ஐப்பசியில் வாடைக்காற்று இறங்கினால் தேவிபட்டினத்துப் பக்கம் வடகடல் கலங்கிப் புரளும். அப்போது இங்கே தென்கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். சித்திரையை ஒட்டித் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் கதை மாறிவிடும். இந்தக் கடல் சீறும், அந்தக் கடல் படுத்துக்கொள்ளும். கரையில் நின்று வலை இழுக்கிறவர்களுக்குப் படுத்த கடல்தான் வேண்டும். அதனால் கரைவலைக்காரர்களுக்கு அரை வருஷம் இந்தக் கரை, அரை வருஷம் அந்தக் கரை.

வீட்டைப் பிரித்து வண்டியில் கட்டும்போது துரும்பைக்கூட விடமாட்டார்கள். அடுப்புக் கல் மூன்றை மட்டும் அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். கல்லைப் பெயர்த்தால் அந்தக் கரை மறுபடி கூப்பிடாது என்பது அவர்கள் பேச்சு. ஆள் போன பிறகு வெறும் மணலில் மும்மூன்று கல்லாக உட்கார்ந்திருக்கும். சாயங்கால வெயிலில் அதைப் பார்த்தால், யாரோ இப்போதுதான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார்கள் என்று தோன்றும்.

வலைக்கும் படகுக்கும் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம். சீனி முகம்மது சம்மாட்டியின் வலையை முப்பது பேருக்கு மேல் இழுத்தார்கள். அதில் ஒருவன் மலையாண்டி. அவன் பெண்டாட்டி கருத்தம்மாள் மீன் கூடை சுமப்பாள். சுதந்திரம் வந்த வருஷத்து ஐப்பசியில், தென்கடலுக்கு வரும் வழியில், கருத்தம்மாளுக்கு வலி கண்டுவிட்டது. உத்தரகோசமங்கையைத் தாண்டி ஒரு ஆலமரத்தடியில் மாட்டை அவிழ்த்தேன். வண்டியிலிருந்த கிடுகையே இறக்கி வட்டமாக நிறுத்திப் பெண்கள் மறைப்புக் கட்டினார்கள். வெயில் ஏறும்போது உள்ளேயிருந்து அழுகை கேட்டது. கிடுகைத் திரும்ப ஏற்றினோம். மலையாண்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"வண்டிச் சத்தம் கூடுமா தம்பி?"

"குட்டிக்கெல்லாம் கூலி வாங்குறதில்ல. ஏறு."

அந்தக் குட்டி வளர்ந்து என்னைச் சித்தப்பு என்று கூப்பிட்டது. அதற்குச் சித்தப்பு நான் ஒருவன்தான். கூடப் பிறந்தவர்கள் அவள் அய்யாவுக்கு இல்லை.

ராக்குவை இரண்டு கரையிலும் பள்ளிக்கூடத்தில் போட்டான் மலையாண்டி. போட்டதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வலை கரைக்கு வரும்போது ஈரக் கயிற்றைச் சுருட்டி வைப்பது சின்னப் பிள்ளைகள் வேலை. ராக்கு சுருட்டினால் கயிறு சுருட்டாக நிற்காது. நடுவில் வாயைப் பிளந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கயிறு அவள் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். "இவ சுத்துனா நாளைக்கு நாமதான் சிக்கெடுக்கணும்" என்று இழுக்கிறவர்கள் கத்தினார்கள். அதனால் பள்ளிக்கூடம்.

வாலிநோக்கத்துக்கு மேற்கே, மணல் மேட்டில், வலைக்காரர் குடிசைகளுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகைதான் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார், சதக்கத்துல்லா. மெலிந்த மனிதர். குரல் மட்டும் கனம். ஐப்பசியில் ஒரு நாள் காலையில் வாசலில் ராக்கு வந்து நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாடை வந்துருச்சா?" என்பார். "வந்துருச்சு சார்" என்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் அவளுக்கு வாடைக்குருவி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"ஏலே, வாடைக்குருவி வந்துருச்சுடா. கூட்டயும் கொண்டாந்துருக்காளான்னு கேளு."

"கொண்டாந்துருக்கேன். ஒங்க வீட்ட மாதிரி கரையான் புடிச்சுப் போயா கெடக்குது?" என்பாள் ராக்கு.

வாய் இருந்தது. புத்தியும் இருந்தது. வாய்க்காதது பரீட்சை ஒன்றுதான். முழுப் பரீட்சை சித்திரை பிறந்த பிறகு நடக்கும். கச்சான் அதற்கு முன்னால் வந்துவிடும். சம்மாட்டி கடலைப் பார்ப்பார், மணலை அள்ளிப் போட்டுப் பார்ப்பார், "பிரிங்கப்பா" என்பார். அன்றைக்குச் சாயங்காலம் ராக்கு என் வண்டியின்மேல் இருப்பாள்.

ஆனியில் தேவிபட்டினத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றால், பரீட்சை எழுதாத பிள்ளையை மேல் வகுப்பில் எப்படி உட்கார வைப்பது என்று பழைய வகுப்பிலேயே உட்கார வைப்பார்கள். அவர்கள்மேலும் குற்றம் சொல்ல முடியாது. சில வருஷம் கச்சான் சுணங்கும். சித்திரை நடுவிலும் கடல் அசையாமல் கிடக்கும். அந்த வருஷங்களில் மட்டும் ராக்கு பரீட்சை எழுதினாள், பாஸானாள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எல்லாம் அப்படித்தான். பிள்ளைகளை வாத்தியார் பாஸ் போடுவார். ராக்குவுக்குக் காற்று பாஸ் போட்டது.

கூடப் படித்த பிள்ளைகள் மேலே போனார்கள். அவளைவிடச் சின்னதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பதின்மூன்று வயதில் ஐந்தாம் வகுப்பில், வாசலுக்குக் குனிந்து நுழைகிற உயரத்தில் அவள் இருந்தாள்.

வண்டிப் பாதை அன்றைக்கெல்லாம் மண் பாதை. மாடு தன் போக்கில் போகும். இருபக்கமும் பனை. கிடுகுக் கட்டு காய்ந்த வைக்கோலும் மீனும் கலந்து மணக்கும். மதிய வெயிலில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுவேன். மாட்டுக்கு வழி தெரியும். அப்போது மேலே இருந்து ராக்குவின் குரல் மட்டும் வரும். புத்தகம் வாத்தியாரிடம்தான் இருக்கும்; அவள் போய்ச் சேராத கடைசிப் பாடங்களைத் தானே இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டு வருவாள். என் முதுகுதான் கேட்கும்.

"சித்தப்பு."

"என்ன?"

"ஆறு எங்கன பொறக்குதுன்னு பாக்க ஒருத்தன் நடந்து போறான். கரை ஓரமாவே போறான். ஆறு சின்னதாயிக்கிட்டே போகுது. அத்தோட நாங்க வீட்டப் பிரிச்சுட்டோம். அங்கிட்டு என்ன ஆயிருக்கும்?"

"மலையில பொறக்கும்."

"நீங்க படிச்சீகளா?"

"நான் ரெண்டாவதோட நின்னவன். ஆட்டுக்குட்டிப் பாடம்தான் தெரியும்."

"அப்புறம் எப்பிடித் தெரியும், மலையிலன்னு?"

 ஆற்றை நானும் பார்த்தவனில்லை. எங்கள் பக்கத்து ஆறெல்லாம் கண்மாயில் போய் முடிந்துவிடும். மழை இல்லாத வருஷம் அதுவும் இல்லை. அவளே ஒரு முடிவு சொன்னாள்.

"எனக்கென்னமோ, அவன் போகப் போக ஆறு ஒரு கயிறு தண்டிக்கு ஆயிரும். அப்புறம் நூல் தண்டி. கடைசியில அந்த நூலப் புடிச்சுப் பாத்தா, ஒரு வீட்டு ஜன்னல்ல கட்டியிருக்கும்."

ஜன்னல் என்ற சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியும். அதற்கு முன்வாரம் வாத்தியார் மலையாண்டியைப் பார்க்கக் கடற்கரைக்கு வந்திருந்தார். நான் வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன்.

"மலையாண்டி, இந்தப் பிள்ளை அஞ்சு பாஸ் பண்ணிட்டா ராமநாதபுரத்துல பொம்பளப் பிள்ளைக விடுதியில சேத்துவிட்ரலாம். சோறு, படுக்க, படிப்பு எல்லாம் சர்க்காரு பாத்துக்கிடும். எட்டு வரைக்கும் போயிட்டா அவளே டீச்சராகலாம்."

மலையாண்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தான்.

"காத்தடிச்சா என்னங்க செய்வாக?"

"காத்தடிச்சா ஜன்னலச் சாத்திக்கிடுவாங்க."

மலையாண்டி சிரித்துவிட்டான். அவன் பக்கத்தில் நின்ற ராக்கு சிரிக்கவில்லை. காற்றடித்தால் வீட்டைப் பிரிக்கத்தான் அவளுக்குத் தெரியும். அவள் இருந்த வீடுகளுக்குச் சுவரே கிடுகு. ஜன்னல் என்று ஒன்று தனியாக எதற்கு? காற்று வந்தால் எழுந்து போய் ஒரு பலகையைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து படிக்கிற வீடு ஒன்று இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது. அதற்கப்புறம் அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். கயிறு சுருட்டும்போது, தண்ணீர் எடுக்கும்போது, யாரும் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். அங்கிருந்து வருவதற்கு அவ்வளவு நேரம்.

அந்த வருஷமும் கச்சான் முந்திக்கொண்டது. பரீட்சை போயிற்று. ஐந்தாம் வகுப்பு இன்னொரு தடவை.

அடுத்த ஐப்பசியில் திரும்பி வந்ததும் ராக்கு ஒரு வேலை செய்தாள். சிவப்பு ரவிக்கைத் துணி ஒன்றைக் கிழித்துக் குடிசை உச்சியில் ஒரு கம்பில் கட்டினாள். காலையில் எழுந்ததும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பாள். சம்மாட்டி அந்தப் பக்கம் போகும்போது அவரும் அண்ணாந்து பார்ப்பார்.

"என்னத்தா, காத்த நீதான் கட்டி வச்சிருக்கியாமே?"

"ஆமா சம்மாட்டி. அவுத்துராதீக."

"நான் எங்க அவுக்க? அல்லா அவுத்தாத்தான் உண்டு."

என் வீட்டுக்காரி முருகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு ராக்கு என்றால் உயிர். மாசி மாதம் கருத்தம்மாளிடம் போய்ச் சொன்னாள், "இந்தா அக்கா, இந்தத் தடவ காத்து எப்ப வேணாலும் வரட்டும். நீங்க கெளம்பிப் போங்க. பிள்ள பரீச்ச முடிக்கிற வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும். அப்புறம் இவுகளே கொண்டாந்து விட்ருவாக." கருத்தம்மாள் முதலில் தயங்கினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். "கஞ்சி குடுத்தாப் போதும், மீன் குடுத்து நாக்க வளத்துராத" என்று சம்மதித்தாள்.

ஆக அந்த வருஷம் காற்று வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று ஆகிவிட்டது. பரீட்சை ஒன்றுதான் பாக்கி. பாஸானால் விடுதி. ராக்கு பாடத்தைப் பாடமாகச் சொல்லவில்லை. பாட்டாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள்கூட வாய்ப்பாட்டை அவள் ராகத்தில் சொன்னார்கள்.

பங்குனி முடிந்தது. சிவப்புத் துணி தொங்கிக்கொண்டே இருந்தது. கச்சானைக் காணோம். கடல் அப்படி ஒரு கடலாக அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கரையும் தண்ணீரும் எங்கே பிரிகிறது என்று தெரியாது. காகம் பறந்தால் கீழே இன்னொரு காகம் பறக்கும். உப்பளமும் வெள்ளை, வானமும் வெள்ளை. மனிதர்கள் பேசுவது பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்து வருவதுபோலக் கேட்கும். வலையில் மீன் நன்றாக விழுந்தது. யாரும் வீட்டைப் பிரிக்கிற பேச்சையே எடுக்கவில்லை. சித்திரையும் பிறந்தது.

"எனக்காகத்தான் நிக்குது சித்தப்பு" என்றாள் ராக்கு.

"ஆமா, நீ பெரிய இவ."

"பாருங்களேன்."

பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு காலையில், ராக்கு பெரிய மனுசியாகிவிட்டாள்.

தாய்மாமன் நம்புராசு அதே வலையில் இழுக்கிறவன். கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பச்சைப் பனையோலை வெட்டிவந்தான். வயசுக்கு வந்த பெண் தனியாக இருக்க, மாமன் கையால் பச்சை ஓலையில் குச்சில் கட்ட வேண்டும். அதுவும் அவர்கள் அடுப்புக் கல் இருக்கிற சொந்த மணலில்தான் கட்ட வேண்டும். மத்தியானத்துக்குள் மலையாண்டி குடிசைக்குப் பக்கத்தில் குச்சில் நின்றது. பள்ளிக்கூடக் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம். ராக்கு உள்ளே போனாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரை வெளியே வரக்கூடாது. ஆண்பிள்ளை கண்ணில் படக்கூடாது. அந்த நாள் பரீட்சைக்கு அப்புறம் வந்தது.

முருகம்மாள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து உலையை வைத்துவிட்டு, அரிசி போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"காத்து வந்திருந்தா அவுக எல்லாம் இந்நேரம் வடக்க போயிருப்பாக" என்றாள். "இது நம்ம வீட்டுல நடந்திருக்கும். நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன். பரீச்ச எழுதி முடிச்ச பெறகு இன்னைக்குத்தான்னு சொல்லியிருப்பேன். அந்தச் சாமிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

"காத்து தனக்காக நிக்குதுன்னு சொன்னாளே அவ."

"ஆமா. நின்னுதான் கெடுத்துச்சு."

வாத்தியார் மலையாண்டியைத் தேடி வந்தார். இந்தத் தடவை கடற்கரையில் கூட்டமே நின்றது. அவர் குச்சில் பக்கம் திரும்பாமல் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒரு காலையில மட்டும். நான் வேணா பிள்ளைகள எல்லாம் மரத்தடிக்குக் கூட்டிப் போயிடுறேன். கொட்டகைக்குள்ள அவ தனியா இருந்து எழுதட்டும். முருகம்மா பக்கத்துல இருக்கட்டும்."

 முந்திக்கொண்டு பதில் சொன்னவன் நம்புராசு. அவனும் கெட்டவன் இல்லை. "சார், நாளைக்கு வலையில ஒண்ணும் விழுகலன்னா நான் என்ன செய்வேன்? தீட்டோட பிள்ளைய வெளிய விட்டாங்கன்னு எங்களத்தான் சொல்வாக."

"நீங்க அத நம்புறீகளா?"

"நான் நம்பாட்டி என்ன சார், கயிறு புடிக்கிற மத்த முப்பது பேரும் நம்புவாகல்ல?"

வாத்தியார் சம்மாட்டியைப் பார்த்தார். சம்மாட்டி தாடியைத் தடவிக்கொண்டு, "அவுக வழக்கத்துல நான் எப்பிடி வாயக் குடுக்க, சார்? நமக்கும் வீட்டுக்கு வீடு இதே கதைதான. வயசுக்கு வந்துட்டா படி தாண்ட விடுறோமா?" என்றார். வாத்தியாருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

கடைசியாக மலையாண்டி வாயைத் திறந்தான். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னான். "என் ஒரு வீட்டு வலையா இருந்தா விட்ருப்பேன்."

பரீட்சை அன்றைக்கு நான் உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். காலை வெயில். காற்று இல்லை. அப்போது வாத்தியாரின் குரல் கேட்டது. சொல்வதை எழுதும் பரீட்சை. வழக்கமாகக் கொட்டகைக்குள் நின்று சொல்கிறவர் அன்றைக்கு வாசலில் வந்து நின்றிருக்கிறார். தொழுகைக்கு அழைக்கிறவர் குரல்போல, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, அந்தக் கனமான குரலை முழுக்க எடுத்துச் சொன்னார். ஐந்து பிள்ளைகள் எழுதுகிற பரீட்சைக்கு அவ்வளவு குரல் வேண்டியதில்லை. உப்பு வாருகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"ஆற்றின்... கரையோரமாக... அவன்... நடந்தான். போகப் போக... ஆறு... சிறிதாயிற்று."

எனக்கு அந்தப் பாடம் எது என்று தெரிந்துவிட்டது. மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் என் கழுத்து வேர்வை குளிர்ந்தது. உப்பளத்துத் தண்ணீர் மேல் ஒரு சுருக்கம் ஓடியது. வாத்தியார் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வாய் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. குரல் வரவில்லை. கச்சான் இறங்கிவிட்டது. அத்தனை நாள் நின்ற காற்று, அந்த நேரம் பார்த்து, அந்த மனிதரின் குரலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது. தூரத்தில் குடிசை உச்சியில் சிவப்புத் துணி விறைப்பாக நீண்டு நின்றது.

மத்தியானம் முருகம்மாள் உளுந்தங்களி கொண்டுபோனாள். திரும்பி வந்து சொன்னாள்.

"குச்சிலுக்குள்ள கால் வைக்க எடமில்லங்க. மணலு பூரா விரலால எழுதி வச்சிருக்கா. 'மிதிச்சிராதீக சின்னாத்தா'ன்னா. நான் வாசல்லயே நின்னு களியக் குடுத்துட்டு வந்தேன். அவ ஒரு மூலையில காலக் குறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. பாதி மணலு சும்மா கெடக்கு. அதுலயும் எழுத வேண்டியதுதானன்னு கேட்டேன். 'காத்து மாறிருச்சு சின்னாத்தா'ங்குறா. உள்ள இருந்துக்கிட்டு, துணியப் பாக்காம, இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

குரல் போன திசையை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். வேறென்ன?

கச்சான் வந்துவிட்டதால் சடங்கை அவசரமாக முடித்தார்கள். தண்ணீர் ஊற்றி, புதுப் பாவாடை தாவணி கட்டி, மாமன் மாலை போட்டான். குச்சிலைப் பிரித்து எரிப்பது வழக்கம். பச்சை ஓலை சட்டென்று பிடிக்கவில்லை. புகைந்து புகைந்து கடைசியில் பிடித்தது. சாம்பல் முழுவதையும் கச்சான் வடக்கே அள்ளிக்கொண்டு போனது. அடுத்த நாள் நான் வண்டியைப் பூட்டினேன்.

தாவணி கட்டிய பெண் கிடுகு மேலே உட்காரக்கூடாதாம். ராக்கு எனக்குப் பின்னால், சட்டி பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவந்தாள். மேலே சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.  உத்தரகோசமங்கை ஆலமரம் வந்தது, போயிற்று. பனை நிழல் ஒவ்வொன்றாக அவள் மேல் விழுந்து நகர்ந்தது. தூங்குகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

"ஆறு ரொம்பச் சின்னதாயிருச்சு சித்தப்பு. தாண்டிப் போற அளவுக்கு" என்றாள். "அதுக்கு மேல சார் கொரலு கேக்கல."

ராமநாதபுரத்துக்குள் நுழைந்ததும் ஒரு ஊருணி. வழக்கமாக அங்கே நிறுத்துவதில்லை. ஊரைத் தாண்டித்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன். அன்றைக்கு அவளாக, "மாடு தவிச்சுப் போச்சு, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். ஊருணிக்கு எதிரே நீளமான ஓட்டுக் கட்டடம். பெண்பிள்ளைகள் விடுதி. வாசலில் நாலைந்து பிள்ளைகள் ஒன்றுக்கொன்று தலை பின்னிக்கொண்டிருந்தன. சாயங்காலக் காற்று பலமாக அடித்தது. புழுதி சுழன்று எழுந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு பெண் வந்து, வரிசையாக, ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டே போனாள்.

ராக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஜன்னலும் சாத்தியானது.

"சார் நெசமாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். பிறகு, "போகலாம் சித்தப்பு."

மறு ஐப்பசியில் அவள் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்து, "வாடை வந்துருச்சோ?" என்று கேட்டார். "வந்துருச்சு" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். அடுத்த வருஷம் நம்புராசு மகனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல பையன். கயிறு சுருட்டத் தெரியாத பெண்டாட்டியை யாரும் ஏசினால் அவன் சண்டைக்குப் போவான்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ராக்கு என் வண்டியில் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஊருணிக்கு எதிரே, "மாடு தவிச்சிருக்கும்" என்பாள். அவள் ஆத்தா, "இந்த மாட்டுக்கு மட்டும் அப்பிடி என்ன தவிப்போ" என்று முணுமுணுப்பாள். நான் நிறுத்துவேன். பழைய மாட்டை விற்றுப் புது ஜோடி வாங்கினேன். அதுவும் கற்றுக்கொண்டது. நான் கயிற்றை இழுக்கவே வேண்டாம். ஊருணி வந்ததும் தானே நின்றுவிடும். ராக்கு கையில் பிள்ளை வந்தது. பொட்டப் பிள்ளை. மடியில் இருந்தது, பிறகு கிடுகு மேலே ஏறியது. "ஆத்தா, இங்கன ஏன் நிக்கிது?" என்று அது மேலே இருந்து கேட்கும். "தண்ணி குடிக்க" என்பாள்.

போன ஐப்பசியில் அந்தப் பிள்ளையை வாலிநோக்கத்துக் கொட்டகையில் சேர்த்தார்கள். வாத்தியார் வேறு. பிள்ளை ஆட்டுக்குட்டிப் பாடத்தை என் வீட்டு வாசலில் வந்து கத்திக் கத்திப் படித்தது. எனக்குத் தெரிந்த பாடம் என்பதால் நானும் கூடச் சொன்னேன்.

இந்தப் பங்குனியில் கச்சான் முந்திவிட்டது. வீட்டைப் பிரித்தார்கள். விடியும் முன்னே ராக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் தூங்குகிற பிள்ளை. கையில் ஒரு சின்ன மூட்டை. முருகம்மாள் ஏற்கெனவே பாயை விரித்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஒம் மாமன் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். மாமனும் மாமனாருமான நம்புராசுவைத்தான் கேட்டேன்.

"எங்க மாமாவா? நீயாச்சு, ஒம் மகளாச்சுன்னாரு. அன்னைக்கு ஓலை வெட்டுன கை இன்னும் வலிக்குதாம் அவருக்கு."

"பரீச்சைக்கு மட்டுமா?"

"பரீச்சைக்கு, அதுக்கப்புறம் லீவுக்கு, அதுக்கப்புறம் ஆனிக்கு. நாங்க ஐப்பசியில வந்துருவோமே." பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். அது புரண்டு படுத்தது. நிமிர்ந்து எங்கள் வீட்டுச் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். மண் சுவர்தான். கடல் பக்கம் பிற்பாடு வைத்த ஒரு சின்ன ஜன்னல், ஒற்றைக் கதவு. காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதைச் சாத்தினாள். சத்தமில்லாமல், பிள்ளை முழித்துவிடாதபடி, மெதுவாக.

வண்டி ராமநாதபுரத்துக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கிடுகு மேலே மற்றப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஊருணி வந்தது. மாடு தன் வழக்கப்படி நின்றது. நான் இறங்கப் போனேன்.

"வேணாம் சித்தப்பு, ஓட்டுங்க" என்றாள் ராக்கு பின்னாலிருந்து. "இருட்டுறதுக்குள்ள போயி அடுப்பக் கூட்டணும்."

மாடு நகரவில்லை. இரண்டு தடவை நாக்கைச் சுழற்றி அதட்ட வேண்டியிருந்தது.